கிழக்குச் சுவருக்கு ஒரு தட்டி

1

நான் மண்சுவர் வீட்டில் பிறந்தவள். அந்தச் சுவரிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் விழுந்து விழுந்து படித்து இன்ஜினியர் ஆனேன். ஜெர்மனிக்கு வந்து ஒரு கட்டுமானப் பொருள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வருஷக் கணக்கில் கான்கிரீட்டை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எங்கள் பிரிவுத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். சிமெண்டின் காலம் முடியப்போகிறது, இனி உலகம் மண்ணை நோக்கித்தான் போகும், நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர், உங்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கும் என்று சொல்லி, என்னை மண்சுவர் ஆராய்ச்சிக்கு மாற்றிவிட்டார்.

இந்தச் செய்தியைத் தம்பி ராசுவுக்குப் போனில் சொன்னேன். ராசு கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் எங்கள் அப்பா கட்டிய வீட்டிலேயே இருக்கிறான். ஜீப் ஓட்டுகிறான். காப்பி மூட்டை, மிளகு மூட்டை, வாழைத்தார், சீசனில் டூரிஸ்ட், எதுவும் ஏற்றுவான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏக்கா, இதுக்கு நீ இங்கயே இருந்திருக்கலாமே? வேணுங்குற அளவுக்குச் செவரு கெடக்கே" என்றான்.

 போன வாரம் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அந்தக் கேள்வி மறுபடியும் என்னைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. மண்ணால் கட்டுவது பற்றிய விஞ்ஞான மாநாடு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் போன புரட்டாசியிலிருந்து தொடங்க வேண்டும்.

2

இந்த மாதிரி மாநாட்டுக்கு யார் வேண்டுமானாலும் கட்டுரை அனுப்பலாம். ஆனால் அதை அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் படித்துக் குற்றம் குறை சொல்லித் தேறினால்தான் மேடை. இதற்குச் சக மதிப்பாய்வு என்று பெயர். எழுதியது யார் என்று படிக்கிறவருக்குத் தெரியாது. குறை சொன்னது யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. நம் பக்கம் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ விசாரிக்க வருகிறவர்கள், இன்னார் என்று சொல்லாமல் டீக்கடையில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்களே, கிட்டத்தட்ட அதுதான். சம்பளம் கிடையாது. கௌரவத்துக்குச் செய்வது.

இங்கே அது செப்டம்பர். ராசுவுக்குப் புரட்டாசி, வீட்டில் கறி எடுக்கக் கூடாது என்ற துக்கத்தில் இருந்தான். ஒரு சனிக்கிழமை காலை, குக்கர் அடுப்பில் இருக்கும்போது லேப்டாப்பைச் சமையல்கட்டு மேஜையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்திருந்த கட்டுரையைத் திறந்தேன். முதலில் ஒரு உறுதிமொழி. எழுதியவர் யாராக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறதா? அவர்களோடு வேலை பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் உங்கள் உறவினரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்தேன். சுவரைத் தெரியுமா என்று ஒரு கேள்வி அதில் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் எங்கள் வீட்டின் கிழக்குச் சுவர் இருந்தது.

எப்படித் தெரியும் என்றால், ஜன்னல். கொடைக்கானலில் இடித்த பழைய பங்களா ஒன்றிலிருந்து அப்பா வாங்கி வந்த ஜன்னல் அது. ஒரு கதவு பச்சை, ஒரு கதவு நீலம். ராசு பெயிண்ட் அடிக்கும்போது பச்சை தீர்ந்துவிட்டது, மிச்சமிருந்த நீலத்தை அடித்து வைத்தான். அப்படி ஒரு ஜன்னல் உலகத்தில் இரண்டாவது இருக்க வாய்ப்பில்லை.

என் மகள் யாழினி ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அப்படித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது. "இது மாமா வீடுதானே? அந்தக் கிறுக்கு ஜன்னல்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

கட்டுரை சொன்னது இதுதான். கீழ்ப்பழனி மலைப்பகுதியில், சிமெண்டோ சுண்ணாம்போ கலக்காத வெறும் மண்சுவர்கள், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பல பத்தாண்டுகளாக வடகிழக்குப் பருவமழையைத் தாங்கி நிற்கின்றன. அதற்குச் சான்று, மழைக்காலத்தின் நடுவில் கார்த்திகையில் எடுத்த இந்தப் படம். ஆகவே மண்சுவருக்கு நீண்ட கூரையோ மேல்பூச்சோ தேவை என்ற பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த முடிவை வைத்து அதே மலையில் பள்ளங்கியில் மாணவிகளுக்கான ஒரு விடுதி கட்டி, அந்த ஜூன் மாதம்தான் திறந்திருக்கிறார்கள். சுவரின் அழகு தெரிய வேண்டும் என்று கூரையை வெளியே நீட்டவில்லை.

குக்கர் விசில் அடித்தது. நான் அடுப்பை அணைக்க எழுந்திருக்கவில்லை. அந்த விடுதியில் ராசுவின் மகள் செல்வி இருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பு.

3

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐப்பசியில் கிழக்கேயிருந்து காற்றோடு வரும்போது மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அறையும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் கிழக்குச் சுவருக்குத் தட்டி கட்டிவிட வேண்டும். பிளந்த மூங்கில் பிளாச்சில் வாழைச் சருகைச் செருகி முடைந்த பெரிய தட்டி. சுவரை ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டு, மேலே கூரைக் கம்பிலும் கீழே முளைக்குச்சியிலும் இழுத்துக் கட்டுவது. பொங்கலுக்கு முன்னால் அவிழ்த்துப் போட்டுக் கொளுத்துவது. இது எனக்குப் பிடித்த வேலை இல்லை. சருகுக்குள் பூரான் இருக்கும். அவிழ்க்கிற அன்று தலையெல்லாம் தூசி. அந்த வேலையை நினைத்து நான் ஒரு நாளும் ஏங்கியது கிடையாது.

ஒரு வருஷம் அப்பாவை வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தட்டி கட்ட ஆள் இல்லை. கார்த்திகை கடைசியில் ஒரு மத்தியானம், நானும் ராசுவும் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, கிழக்குச் சுவரின் கீழ்ப்பாகம் ஒரு கதவு அகலத்துக்குப் பிதுங்கி உள்பக்கமாக விழுந்தது. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள். விழுந்த இடம் ராசு பாய் போட்டுப் படுக்கிற இடம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் தலையணை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா ஏன் எங்கள் இரண்டு பேரையும் அப்படி அடித்தாள் என்று அப்போது புரியவில்லை.

ஆகவே கட்டுரை தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் படத்தில் சுவர் வெறுமனே நிற்கிறது. கார்த்திகை மாதம் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மேகம் தரையில் கிடக்கிறது. தட்டி இல்லை, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கேதான் எனக்குக் கால் தடுமாறியது. நான் வெளிநாடு வந்த பிறகு ஒரு ஐப்பசியிலும் ஊரில் இருந்ததில்லை. யாழினியின் பள்ளி விடுமுறை ஆகஸ்டில். ஆகஸ்டில் போவோம், ஆகஸ்டில் வருவோம். யாழினி பார்த்த பண்ணைக்காடு ஆகஸ்டுப் பண்ணைக்காடு மட்டும்தான். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷமாக நான் பார்த்ததும் அதுதான். இடையில் ராசு தட்டி கட்டுவதை விட்டுவிட்டானோ? கட்டாமலே சுவர் நின்று பழகிவிட்டதோ? எனக்குத் தெரிந்த வீடு இப்போது அங்கே இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

4

விதிப்படி நான் அன்றைக்கே, இது என் வீடு, என்னால் மதிப்பாய்வு செய்ய முடியாது என்று விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. விலகினால் இது நார்வேயிலோ பெருவிலோ இருக்கிற ஒருவருக்குப் போகும். படம் அழகாக இருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது என்று அவர் ஒப்புதல் கொடுப்பார். அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது.

எழுதினேன். இந்தப் பகுதியில் மழைக்காலத்தில் காற்று அடிக்கும் சுவரை மறைத்துக் கட்டுவது வழக்கம், மறைப்பை அவிழ்த்த நிலையில் படம் எடுக்கப்பட்டிருக்கலாம், இதை உறுதி செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது, அந்த விடுதியின் கிழக்குச் சுவரை உடனடியாகப் பாதுகாக்க வேண்டும். மரியாதையாகத்தான் எழுதினேன்.

எழுதியவர்களின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. அதுவும் மரியாதையாகத்தான் இருந்தது. 'மதிப்பாய்வாளர் இந்தப் பகுதியின் தட்பவெப்பத்தையும் நடைமுறையையும் நேரில் அறியாதவர் என்று தோன்றுகிறது. படம் மழைக்காலத்தில் எடுத்தது. சுவருக்கு ஆண்டுதோறும் என்ன செய்வீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டோம், ஒன்றும் செய்வதில்லை என்றார். மறைத்துக் கட்டும் வழக்கத்துக்கு அச்சில் வந்த சான்று ஏதேனும் இருந்தால் குறிப்பிடவும்.'

நேரில் அறியாதவர்! பூரான் கடித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. அதை எந்த ஆய்விதழில் அச்சடிப்பது? சமையல்கட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, யாரிடம் என்று இல்லாமல் ஜெர்மனில் கத்தித் தீர்த்தேன். யாழினி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, திட்டும்போது மட்டும் உன் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது" என்றாள்.

அந்த வாரம் எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பரிசோதனைக் கூடத்தில் மண் கட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் போனில் கொடைக்கானல் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகப் படம் போட்டிருந்தது. துளி இன்னும் விழவில்லை.

5

கட்டுரையில் இருப்பதை வெளியே பேசக் கூடாது என்பது விதி. தம்பி வீட்டுத் தட்டியைப் பற்றித் தம்பி வீட்டில் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. போன் போட்டேன். ராசுவின் மனைவி ஜெயந்தி எடுத்தாள்.

"தட்டியா? அதெல்லாம் இப்ப யாரு மதினி முடையுறா? ஃப்ளெக்ஸுதான். வத்தலக்குண்டுல பழசு வாங்கியாந்து உங்க தம்பி கட்டிவிட்டுருவாரு. போன வருசம் ஒரு ஜட்டி வெளம்பரம் மதினி. ஒரு ஆம்பள, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நம்ம செவரு ஒசரத்துக்கு நிப்பான். எனக்கு வாசல்ல கோலம் போடவே கூச்சமா இருக்கும்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப, கார்த்திகையில படம் எடுக்க வந்தாங்களே, அன்னைக்கும் அது கட்டியிருந்துச்சா?"

"அதெப்புடி மதினி? விருந்தாளி வர்ற அன்னைக்கு ஜட்டிக்காரனயா வாசல்ல நிக்க வைக்கிறது? ரெண்டு வெள்ளக்காரங்க, பெங்களூர்லருந்து ஒரு பொண்ணு. வர்றாங்கன்னதும் வெள்ளனே எந்திரிச்சு உங்க தம்பி கழட்டிட்டாரு. நான் செம்மண்ணுஞ் சாணியும் கரைச்சுச் செவத்த நல்லா மெழுகிவிட்டேன். அவங்க காப்பி குடிச்சிட்டு அந்தப் பக்கம் போனதும் வெரசா திரும்ப மாட்டியாச்சு. மழ எறங்கிருச்சுல்ல."

"செவத்துக்கு என்ன செய்வீங்கன்னு அவங்க கேக்கலியா?"

"கேட்டாங்களே. ஒண்ணும் செய்யிறதில்லன்னு சொன்னாரு. நெசந்தான மதினி? செவத்துக்கு என்ன செய்யிறோம், அது பாட்டுக்கு நிக்கிது. ஃப்ளெக்ஸு மழைக்குல்ல கட்டுறது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. வந்தவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் வந்தவர்களுக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். நான் அங்கே இருந்திருந்தாலும் அந்த ஜட்டிக்காரனை முதல் ஆளாக நானே கழற்றியிருப்பேன்.

ஜெயந்தி விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "சின்னவன் காதுகுத்துக்கு அடிச்ச ஃப்ளெக்ஸு பெருசா, சத்தா கெடக்கு. அத மாட்டத்தான் மனசு வரல. அதுல நீங்கல்லாம் இருக்கீங்கள்ல. உங்க மொகத்துல மழையடிக்க விடுவேனா?"

அந்த ஃப்ளெக்ஸை நான் படமாகப் பார்த்திருக்கிறேன். ராசுவின் சின்ன மகன் காதுகுத்துக்குப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆள் வராவிட்டாலும் படமாவது வர வேண்டும் என்று ராசு கேட்டதால், கையில் இருந்த விசாப் படத்தை அனுப்பியிருந்தேன். சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும், நெற்றியில் முடி விழக் கூடாது என்று அதட்டி எடுத்த படம். குடும்பம் மொத்தமும் பல்லைக் காட்டிச் சிரிக்க, ஓரத்தில் ஆளுயரத்துக்கு நான் மட்டும் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி நிற்பேன். கீழே 'ஜெர்மனி அத்தை' என்று போட்டிருக்கும்.

ராசு சாயங்காலம் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்டல் சுவருக்கு மறைப்பு வேண்டும், அதற்கு முதலில் நீ கழற்றியதை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். அவன் குரல் மாறிவிட்டது.

"என்னக்கா பேசுற? என் வீட்டப் பாத்துத்தான் ஆஸ்டலு கட்டியிருக்குன்னு ஊரே சொல்லுது. தொறப்பு விழாவுல மேடைக்குக் கூப்புட்டுச் சால்வ போட்டாங்க. இப்பப் போயி, நான் ஃப்ளெக்ஸ் கட்டிவச்சிருந்தேன், உங்களுக்காகக் கழட்டுனேன்னு சொன்னா எனக்கு என்ன மரியாத? நம்மள ஏமாத்துக்காரன்னுல்ல நெனைப்பாங்க?"

"மழ அடிச்சா செவரு ஊறும்டா."

"மழையப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? கடைசியா எந்த ஐப்பசிக்கு நீ இங்க இருந்த? ஆகஸ்ட்ல வர்ற. கொசு கடிக்குதுங்குற, நெட்டு கெடைக்கலங்குற, போயிர்ற. ஒனக்கு வேற சோலி இல்லயா?"

அடிபட்ட இடத்தில் அடித்தான். பதிலுக்கு நானும் அடித்தேன். "ஏலே, அன்னைக்குச் செவரு விழுந்தப்ப ஒன் தலகாணி எங்க கெடந்துச்சுன்னு ஞாவகம் இருக்கா? செல்வி கட்டில் எந்தப் பக்கம் கெடக்கு?"

அவன் ஜீப் இன்ஜினை அணைப்பது லைனில் கேட்டது.

"கெழக்குப் பக்கம்" என்றான். வைத்துவிட்டான்.

6

மறுநாள் மாநாட்டுக் குழுவின் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஓய்வுபெறப் போகும் பேராசிரியர், நல்ல மனிதர். வீடியோவில் கூப்பிட்டார். ஜெர்மனில் ஒருபக்கச் சார்புள்ளவள் என்பதற்கும் பிடித்துவைக்கப்பட்டவள் என்பதற்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பதற்றத்தில், நான் பிடித்துவைக்கப்பட்டவள், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் தலையை ஆட்டினார்.

பிறகு நிதானமாக விளக்கினார். நீங்கள் பிறந்த வீடு என்பதால் அந்த வீட்டைப் பற்றிய கட்டுரையை நீங்கள் மதிப்பிட முடியாது. இதுவரை எழுதிய கருத்தையும் நீக்க வேண்டியிருக்கும். தொலைபேசியில் உறவினர் சொன்னது சான்று ஆகாது.

"அப்படியென்றால் அந்த வீட்டைத் தெரியாதவர்தான் அதைப் பற்றிச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"தெரிந்தவர் சொல்லலாம். ஆனால் ஒளிந்துகொண்டு சொல்லக் கூடாது. வீட்டுக்காரரே தன் பெயரோடு சொன்னால், அதை எழுதியவர்களுக்கு அனுப்ப வேண்டியது என் கடமை" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். கோபப்படவும் இடம் தராத நியாயம். ராசு என் போனை எடுக்கவில்லை. விடுதி நடத்தும் அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், உங்கள் அக்கறைக்கு நன்றி என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. செல்வியிடம் பேசலாம் என்றால் விடுதியில் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வானிலைப் படத்தில் மேகத்துக்குக் கீழே இரண்டு துளி விழுந்தன. மறுநாள் மூன்று. இங்கே ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்கால வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. குழந்தை ஒரு மலையில், நான் ஒரு கண்டத்தில், நடுவில் கையாலாகாத கையில் ஒரு போன். இதற்காகவா இவ்வளவு படித்தேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

7

ஐப்பசி பிறந்து மழை பிடித்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது ராசுவிடமிருந்து ஒரு படம் வந்தது. பள்ளங்கி விடுதியின் கிழக்குச் சுவர். அதன் மேல் கூரையிலிருந்து தரைவரை இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ்கள். முதலில் ஒரு உரக்கடை விளம்பரம். அடுத்தது ஒரு நகைக்கடை. கடைசியில், கட்டில்கள் இருக்கிற அறைக்கு நேராக, சின்னவனின் காதணி விழா. ஓரத்தில் முழு உயரத்துக்கு நான். முகமெல்லாம் மழை ஓடுகிறது.

உடனே கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தான்.

"வத்தலக்குண்டு பூரா அலைஞ்சு ரெண்டுதான் கெடைச்சுச்சு. நீளம் பத்தல. ஜெயந்திதான் பரண்லருந்து இத எடுத்துக் குடுத்துச்சு. அழுதுக்கிட்டே குடுத்துச்சு, அது வேற" என்றான்.

"செல்வி?"

"கட்டில மேற்குப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லிட்டேன். செவரு கீழ ஒரு சாண் ஊறியிருக்குக்கா. இன்னும் கொஞ்ச நாளு விட்டிருந்தா..."  

கார்த்திகையில் ராசுவே கூப்பிட்டான். அந்தப் பெங்களூர்ப் பெண், கட்டுரையை எழுதியவள், மாநாட்டுக்காக விடுதியைப் படம் எடுக்க வந்தாளாம். முந்தின நாளே வார்டன் ராசுவுக்குப் போன் போட்டு, ஒரு நாளைக்கு மட்டும் ஃப்ளெக்ஸை அவிழ்த்து வையுங்கள், அசிங்கமாக இருக்கிறது, விருந்தாளி வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். மறுநாள் ராசு ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே போய்ச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"நான் சொல்லிட்டேங்க்கா. அவுக்க முடியாதுங்க, படம் எடுக்கணும்னா இதோட எடுங்கன்னு. அந்தப் பொண்ணு முழிக்கிது. அப்பறம் நானே சொன்னேன். எங்க வீட்டுலயும் இப்புடித்தாங்க கட்டியிருந்துச்சு, நீங்க வர்றீங்கன்னு நாந்தாங்க கழட்டுனேன், எம் பேரு ராசு, எழுதிக்கங்கன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. செத்த நேரம் மழையிலயே நின்னுச்சு. அப்பறம் கேமராவத் தொடைச்சுட்டு எல்லாத்தையும் படம் எடுத்துச்சு. அழுதுருமோன்னு பாவமாப் போச்சு. ஜீப்புல கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தேன்."

8

மாநாடு வசந்தகாலத்தில், இங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில் நடந்தது. யாழினிக்குப் பள்ளி விடுமுறை. கடைவீதி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் கூட வந்தாள். அந்தக் கட்டுரை வரும் நேரத்தில் கடை கடையாக நடந்து அவளுக்குக் கால் வலித்துவிட்டதால் அரங்கத்துக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பெங்களூர்ப் பெண் சின்னப் பெண்ணாக இருந்தாள்.  முதலில் எங்கள் வீட்டு வெறும் சுவர் திரையில் வந்தது. "இந்தப் படத்தை வைத்துத் தவறான முடிவுக்கு வந்தோம்" என்றாள். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கட்டுரையைத் திருத்தி எழுதியிருந்தாள். ஒரு மதிப்பாய்வாளர் எச்சரித்ததாகவும், பண்ணைக்காடு ராசு என்பவர் நேரில் விளக்கியதாகவும் சொன்னாள். அடுத்த படம் போட்டாள்.

திரையில் இரண்டு ஆள் உயரத்துக்கு என் விசா முகம் வந்து நின்றது.

நான் நாற்காலியில் கீழே சரிந்தேன். அரங்கத்தில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் நனைந்த அந்த முகத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த வயதான ஆராய்ச்சியாளர் ஒருவர் மைக்கை வாங்கினார். வலது ஓரத்தில் இருக்கும் கடுமையான முகம் கவனத்துக்குரியது, தீய சக்திகளை விரட்டுவதற்காக அங்கே வைக்கப்பட்டதா என்று கேட்டார். நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டிக்கு மாட்டுவார்களே, அதைச் சொல்கிறார்.

அந்தப் பெண் திணறினாள். தனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, கீழே ஏதோ எழுதியிருக்கிறது, இங்கே யாராவது படிக்க முடியுமா என்று கேட்டாள்.

நான் கையைத் தூக்குவதற்குள் யாழினி எழுந்துவிட்டாள். தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வருஷம் சனிக்கிழமைகளில் அழுதுகொண்டே போய், பிறகு நின்றுவிட்டவள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "ஜெ... ர்... மனி... அத்... தை." பிறகு ஆங்கிலத்தில், "அது சாமி இல்லை. என் அம்மா. இதோ உட்கார்ந்திருக்கிறாள்" என்றாள்.

அரங்கம் முழுவதும் திரும்பியது. குழுத் தலைவர் மட்டும் சிரிக்காமல் தலையை ஆட்டினார். எழுந்து நின்றேன். என்னிடம் மைக் வந்தது. அந்தச் சுவருக்கு உள்பக்கம் பிறந்தவள் நான் என்று சொன்னேன்.   யாழினி என் சேலை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அந்த ஆராய்ச்சியாளர் விடவில்லை. இந்த மறைப்பு எத்தனை மழைக்காலம் தாங்கும், அடுத்த ஆண்டு யார் கட்டுவார்கள் என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்ததும் ராசுவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, அந்தக் கேள்வியையும் கேட்டேன்.

தன் ஃப்ளெக்ஸ் வெளிநாட்டு மேடை ஏறியதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் யாழினி என் காதோரம் வந்து ஒட்டிக்கொண்டாள். சிரித்து முடித்துவிட்டு, மலை வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, போன வாரம்தான் விடுதிப் பக்கம் போய்ப் பார்த்தேன் என்றான்.

"உரக்கடக்காரன் இன்னும் ரெண்டு வருசம் தாங்குவான். நகைக்கடையும் பரவால்ல. ஒன் மூஞ்சிதான் நல்லா வெளுத்துப்போச்சுக்கா. கண்ணு மட்டுந்தான் தெரியுது. வர்ற ஐப்பசிக்கு அது தாங்காது. நீ நேர்ல வந்து நில்லு."